எட்டு எலக்ட்ரான்களும் ஆற்றல் கணக்கும்: வேதிப்பிணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோடியமும் குளோரினும் ஏன் வினைபுரிகின்றன என்று கேட்டால், இரண்டும் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களைப் பெற விரும்புகின்றன என்பதே மாணவர்களிடமிருந்து பெரும்பாலும் கிடைக்கும் விடையாகும். அணுக்களுக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை. அணுக்கள் பிணையும்போது வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் அமையும் என்பது எண்ம விதி. 1916-இல் லூயிஸ், கோசெல் ஆகிய இரு அறிவியலாளர்களின் ஆய்வுகளிலிருந்து உருப்பெற்ற இவ்விதி, எத்தனை பிணைப்புகள் உருவாகும் என்று கணிக்கப் பயன்படும் நல்ல கருவி. ஆனால் அதையே பிணைப்பின் காரணமாகக் கொள்வதிலிருந்துதான் பிற்பாடு வரும் பிழைகளில் பல தொடங்குகின்றன என்பது என் உறுதியான கருத்து.

ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். வாயு நிலையில் உள்ள ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்க ஏறத்தாழ 496 கிலோஜூல் ஆற்றலைச் செலவிட வேண்டும். அந்த எலக்ட்ரானைக் குளோரின் அணு ஏற்கும்போது வெளிப்படுவதோ 349 கிலோஜூல் மட்டுமே. சோடியம் எலக்ட்ரானைத் தானாகவே உதறிவிடுகிறது என்று எழுதுவது, ஆகவே, முற்றிலும் தவறு. இந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்வது, உருவான நேர், எதிர் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாக அமையும்போது வெளிப்படும் ஏறத்தாழ 787 கிலோஜூல் ஆற்றலாகும். எனவே அயனிப் பிணைப்பு என்பது இந்த நிலைமின் ஈர்ப்பைத்தான் குறிக்கிறதே தவிர, எலக்ட்ரான் இடம்பெயர்வதைக் குறிப்பதில்லை.

இதை உணராதவர்கள், எலக்ட்ரானைக் கொடுத்த சோடியமும் அதைப் பெற்ற குளோரினும் இணைபிரியாத ஒரு சோடி என்று எண்ணி, உப்புப் படிகத்தைச் சோடியம் குளோரைடு மூலக்கூறுகளின் குவியலாகக் கருதுகிறார்கள். படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடு அயனியையும் ஆறு சோடியம் அயனிகளும் ஒரே தொலைவில் சூழ்ந்திருப்பதை 1913-இல் இயற்பியலாளர் பிராக் எக்ஸ் கதிர்களைக் கொண்டு காட்டினார். NaCl என்னும் வாய்ப்பாடு இங்கே அயனிகளின் விகிதத்தை மட்டுமே சொல்கிறது.

பிணைப்பு முறியும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்னும் நம்பிக்கை இவை எல்லாவற்றையும்விட ஆழமாக வேரூன்றியது. உயிரணுக்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் ஏடிபி (ATP) மூலக்கூற்றில் 'உயர் ஆற்றல் பிணைப்பு' இருப்பதாக உயிரியல் பாடம் கூறுவதும் இதற்கு வலுச்சேர்த்துவிடுகிறது. எந்தப் பிணைப்பை முறிக்கவும் ஆற்றலைச் செலவிட்டே ஆக வேண்டும். பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும். இரண்டு மோல் ஹைட்ரஜன் எரிவதை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜனின் பிணைப்புகளை முறிக்க 872 கிலோஜூலும் ஒரு மோல் ஆக்சிஜனின் பிணைப்புகளை முறிக்க 498 கிலோஜூலும் ஆக 1370 கிலோஜூல் செலவாகிறது. நீராவியில் நான்கு மோல் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகும்போது ஏறத்தாழ 1852 கிலோஜூல் வெளிப்படுகிறது. நாம் உணரும் வெப்பம் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே. ஏடிபியிலும் அவ்வாறே: பழைய பிணைப்பு முறிவதற்கு ஆகும் ஆற்றலைவிட, புதிய பிணைப்புகள் உருவாவதாலும் விளைபொருள்கள் நீரில் நிலைப்படுவதாலும் கிடைப்பது அதிகம்.

நீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். குமிழிகளில் இருப்பது நீராவி. மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு மட்டுமே அப்போது வெல்லப்படுகிறது.

எட்டு எலக்ட்ரான்கள் இல்லாமல் சேர்மம் அமையாது என்றும், எட்டும் நிறைந்துவிட்டால் வினையே நிகழாது என்றும் முடிவுகட்டுவதும் பிழையே. போரான் டிரைஃபுளோரைடில் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே உள்ளன. செனானோ எட்டும் நிறைந்த மந்த வாயு. பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்ட வேதியியலாளர் நீல் பார்ட்லெட், செனானின் அயனியாக்கும் ஆற்றலும் (ஓர் எலக்ட்ரானை நீக்கத் தேவைப்படும் ஆற்றல்) ஆக்சிஜன் மூலக்கூற்றினுடையதும் ஏறக்குறைய சமம் என்பதைக் கவனித்தார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1962-இல் அவர் செனானையும் பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு வாயுவையும் கலந்தபோது, செனானின் முதல் சேர்மம் மஞ்சள் நிறத் திண்மமாகப் படிந்தது.