கை, கால் காயத்துக்குப் பின் வலியைக் கவனிப்பது எப்படி?

விபத்தில் கையோ காலோ அடிபட்டுத் தையலும் கட்டும் போட்டு வீடு திரும்பியவர், வலி கூடுகிறதா குறைகிறதா என்பதைக் காலையிலும் இரவிலும் 0 (வலியே இல்லை) முதல் 10 (தாங்க முடியாத வலி) வரையிலான ஓர் எண்ணாகக் குறித்துவர வேண்டும்.

முதல் இரண்டு நாட்களில், விரலைப் பிறர் மெல்ல நீட்டினாலே பொறுக்க முடியாத வலியும், கட்டுக்குள் இறுக்கமும், மரத்துப்போதலும் இருந்தால், தசைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். சில மணி நேரத்திலேயே தசை அழிந்துவிடும் என்பதால், இரவென்றாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தணிந்துவந்த வலி மூன்றாம் நாளுக்குப் பிறகு மீண்டும் ஏறினால் கிருமித்தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே புறங்கையால் தொட்டுச் சூட்டை அறிந்து, வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடிட்டு, அது கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். சீழ், துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். தோலை அழுத்தும்போது நறநறவென்ற உணர்வு இருந்தால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. மண் படிந்த காயமாயின், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்துவிட்டதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கட்டு மாற்றும் முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, புண்ணைச் சலைன் எனும் மருத்துவ உப்புநீராலோ கொதித்து ஆறிய நீராலோ சுத்தம் செய்தால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் புதிதாக வளரும் திசுவையும் சேர்த்தே அழிப்பவை.

உள்ளே தகடோ கம்பியோ பொருத்தியவர்கள் கூடுதலாக எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். உலோகத்தின் மேல் படலமாக ஒட்டி வாழும் கிருமிகளை மாத்திரை முழுதாக எட்டுவதில்லை. அதனால் தொற்று பல மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். ஆறிய தழும்பில் சிறு துளை விழுந்து அவ்வப்போது நீர் கசிந்தால், எலும்பில் தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை அதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

காயம் ஆறியும் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமையன்று. எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற சுரீர் வலி, துணி உரசினாலே நோவு ஆகியவை நரம்பு வலியின் அடையாளங்கள்; வழக்கமான வலிமாத்திரைகள் இதற்கு அவ்வளவாக உதவா என்பதால், அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்ற மருந்துகளை மருத்துவர் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார். அத்துடன் தோலின் நிறம், சூடு, வியர்வை ஆகியவையும் மறுபக்கத்திலிருந்து மாறுபட்டால் அதையும் தெரிவியுங்கள். வலிக்கு அஞ்சி உறுப்பை அசைக்காமல் வைத்தால் மூட்டு இறுகி வலி மேலும் வேரூன்றும். பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டுதலில் தினமும் சில முறை, முதலில் பஞ்சாலும், பழகியபின் மென்துணியாலும், பிறகு சொரசொரப்பான துண்டாலும் அவ்விடத்தைத் தடவிப் பழக்குங்கள்.