பக்கத்திலிருக்கும் பழைய கட்டடத்தைப் பார்க்கச் சரியான நேரம்

பழைய கோட்டைச் சுவரையோ இடிந்த மாளிகையையோ பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே இருந்தால் நினைத்த நேரத்தில் போகலாம், அந்த நேரம்தான் முக்கியம். காலையில் வெயில் ஏறும் முன்போ, சாயங்காலம் வெயில் தாழும்போதோ போங்கள். உச்சி வெயிலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில், சாய்வெளிச்சம் பட்டால் தேய்ந்த எழுத்துகளும் உளித் தடங்களும் நிழல் கட்டி எழும்பி வரும். வெயில் படாத பக்கமா? டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸோ எண்ணெயோ மட்டும் தடவவே கூடாது. கல் பாழாகிவிடும்.

அப்புறம் சுவரை நிதானமாகப் பாருங்கள். மேலிருந்து கீழே நேராக ஒரு இணைப்புக் கோடு ஓடினால், ஒரு பக்கம் பிற்பாடு சேர்த்துக் கட்டியதாக இருக்கும். நடுவில் மட்டும் செங்கல் அளவு மாறினால், அங்கே இருந்த வாசலையோ ஜன்னலையோ அடைத்திருக்கலாம். வரிசையாகச் சதுர ஓட்டைகள் இருந்தால், பெரும்பாலும் சாரம் கட்ட விட்டவை. எனக்கு ரொம்பப் பிடித்தவை இவைதான். வேலை செய்தவர்கள் நின்ற உயரம் அப்படியே தெரிகிறது. இன்று நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824-இல்தான். அதைவிடப் பழைய சுண்ணாம்புச் சுவரில் அந்தச் சிமெண்ட் பூச்சு தெரிந்தால் அது பிற்கால ஒட்டுவேலை.

பூட்டியிருந்தால் அனுமதி கேளுங்கள், சுவர்மேல் ஏறாதீர்கள். போகும்போதெல்லாம் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வைத்தால், புதிதாக விட்ட விரிசலைப் பராமரிப்பவர்களிடம் காட்டலாம்.