ஒரு போர் ஏன் மூண்டது என்று தேடுவது எப்படி?

பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். "இந்தப் போர் ஏன் வந்தது?" என்று கேட்டால் பிள்ளைகள் கடைசிச் சம்பவத்தைத்தான் சொல்வார்கள். அதை ஓரமாகக் குறித்து வையுங்கள். அது தீக்குச்சி, விறகு அடுக்கியது யார் என்று பாருங்கள்.

முதலில் நிலம். 1969இல் மத்திய அமெரிக்க நாடுகளான எல் சால்வடாரும் ஹோண்டுராஸும் மோதியதைக் 'கால்பந்துப் போர்' என்பார்கள். உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களில் கலவரம் நடந்தது உண்மைதான். ஆனால் எல் சால்வடாரில் நிலமெல்லாம் சிலர் கையில். பிழைப்புத் தேடி சுமார் 3 லட்சம் பேர் ஹோண்டுராஸில் குடியேறியிருந்தார்கள். அங்கே நிலச் சீர்திருத்தம் வந்ததும் அவர்களை விரட்டத் தொடங்கினார்கள். ஜூலை 14 அன்று எல் சால்வடார் படை எல்லை தாண்டியது. நாலே நாளில் சண்டை நின்றது. சமாதான ஒப்பந்தத்துக்கு 1980 வரை ஆனது. பந்து என்ன பாவம் செய்தது?

அப்புறம், ஆட்சியில் இருப்பவருக்கு உள்ளூரில் என்ன தலைவலி என்று பாருங்கள். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும். 1982 மார்ச் 30: அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் தெருவில் கூட்டம். ஏப்ரல் 2: பிரிட்டன் கையில் இருந்த ஃபாக்லாந்து தீவில் அதே ராணுவம் இறங்கியது; போர் மூண்டது.

மானம், மதம் என்று தலைவர்கள் பேசியதைக் கடைசியில் படியுங்கள். முதலிலேயே படித்தால் மற்றது கண்ணில் படாது.