மண்டி விலையை இணையத்தில் பார்ப்பது: எந்தக் கட்டத்தை நம்புவது?

போன அறுவடையில் மஞ்சள் மூட்டைகளை வண்டியில் ஏற்றும் முன் கைப்பேசியில் விலை பார்த்தேன். வழியெல்லாம் மனக்கணக்கு. ஏலத்தில் கேட்ட விலையோ என் கணக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, நான்தான் தப்பான கட்டத்தைப் படித்திருந்தேன்.

நான் பார்ப்பது அக்மார்க்நெட். மத்திய அரசு 2000-இல் தொடங்கிய தளம். நாடெங்கும் உள்ள சந்தைகளின் விலையும் வரத்தும் அதில் வரும். பொருள், மாநிலம், மாவட்டம், சந்தை, தேதி என வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். தேதிக்கு மட்டும் ஒரு நாளைக் கொடுக்காமல் இரண்டு வாரத்தைக் கொடுங்கள். காரணம் கீழே.

பட்டியலில் மூன்று விலை இருக்கும்: குறைந்தபட்சம், அதிகபட்சம், மோடல். நான் சறுக்கியது இங்கேதான். கண் தானாக அதிகபட்சத்துக்குத்தான் போகும். ஒரு பேச்சுக்கு, அன்று நூறு மூட்டை வந்ததாக வைத்துக்கொள்வோம். நன்றாகக் காய்ந்து, நிறம் தூக்கிய மூன்றே மூட்டை 14,000-க்குப் போகிறது. எண்பது மூட்டை 11,000-ஐ ஒட்டிப் போகிறது. அதிகபட்சக் கட்டத்தில் 14,000 என்றுதான் இருக்கும், மோடலில் 11,000. மோடல் என்றால் சராசரி அல்ல, அதிகச் சரக்கு கைமாறிய விலை. உங்கள் சரக்கு அந்த மூன்று மூட்டையில் சேருமா என்று மனசாட்சியோடு கேட்டுப் பாருங்கள். எனக்குச் சேரவில்லை.

போதாக்குறைக்கு ரகத்தையும் கவனிக்கவில்லை. நான் பார்த்தது விரல்போல் நீண்ட விரலி மஞ்சளின் விலை, வண்டியில் இருந்ததில் பாதி உருண்டையான கிழங்கு மஞ்சள். கிழங்குக்குப் பெரும்பாலும் விலை குறைவு.

விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு. இது தெரிந்ததுதான்.

சரி, இரண்டு வாரம் எதற்கு? சந்தை விடுமுறை நாளிலும், விவரம் ஏறாத நாளிலும் எதுவும் வராது. ஒரு நாளை மட்டும் தேடிவிட்டு, தளம் வேலை செய்யவில்லை என்று மூடிவிடுவோம். இன்னொன்று, வரத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். வியாபாரிகள் விலைக்கு முன்னால் வரத்தைத்தான் பார்ப்பார்கள்.

கருவி விஷயத்தில் என் கட்சி இதுதான்: அவசரத்துக்குத் தமிழக அரசின் உழவன் செயலி, பழைய விலையோடு ஒப்பிட அக்மார்க்நெட். 2016 ஏப்ரலில் வந்த இ-நாம், அதாவது மத்திய அரசின் இணையவழி வேளாண் சந்தை, உங்கள் விற்பனைக்கூடம் அதில் இணைந்திருந்தால் பார்க்க வேண்டியது. வாட்ஸ்அப்பில் தேதி இல்லாமல் சுற்றும் விலைப்பட்டியலை நான் திறப்பதே இல்லை.

பின்சேர்க்கை: தூரத்துச் சந்தையில் குவிண்டாலுக்கு 300 ரூபாய் கூடுதல், அங்கே கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, கமிஷன் எல்லாவற்றையும் குவிண்டால் கணக்காக்கி இரண்டு சந்தைக்கும் கழித்துப் பாருங்கள். அவர் போட்டுப் பார்த்ததில் வாடகை மட்டுமே 350 கூடுதலாம்.

இன்னொருவருக்கு ஒரே நாளில் விலை பத்து மடங்காகத் தெரிந்திருக்கிறது. கையால் ஏற்றும் எண்ணில் ஒரு பூஜ்யம் கூடிப்போவது நடப்பதுதான். முன்நாள், மறுநாள் விலையோடு ஒட்டவில்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள். அப்புறம், வண்டி கிளம்பும் முன் விற்பனைக்கூடத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.