தரம் 10 பிள்ளைகளுக்குச் சைவநெறி எடுப்பது எப்படி

இலங்கையில் சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாயப் பாடம். அதனாலேயே பல பள்ளிக்கூடங்களில் சைவநெறிப் பாடவேளை என்றால் நோட்ஸ் சொல்வது, கொப்பியில் எழுதுவது, கடந்தகால வினாத்தாள் செய்வது என்று சுருங்கிவிடுகிறது. பிள்ளை ‘ஏ’ எடுத்துவிடும், ஆனால் தான் தினமும் பாடுகிற தேவாரத்தில் ஒரு வரிக்குப் பொருள் கேட்டால் விழிக்கும். இது எனக்குப் பெரிய கவலை.

முதலில் பாட விடுங்கள். உங்கள் குரலைப் பற்றி யோசிக்க வேண்டாம், பண்ணோடு பாடக்கூடிய பிள்ளை வகுப்பில் இருந்தால் அதை முன்னால் கூப்பிடுங்கள். பாடி முடிந்த பிறகுதான் சொற்பொருள். சம்பந்தர் திருகோணமலைக்குப் பாடிய பதிகத்தின் முதற் பாட்டில் ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்’ என்று வருகிறது. குரைகடல் என்றால் இரைகிற கடல், ஓதம் அலை, நித்திலம் முத்து. கோணேசர் கோயிலுக்குப் போன பிள்ளைகளிடம் அந்தக் கடல் எப்படி இரைந்தது என்று கேளுங்கள், அவர்களே மீதியைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து சைவ சித்தாந்தம். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) என்று பலகையில் எழுதியதும் பாதி வகுப்பு தூங்கிவிடும். பாசத்தில் ஒன்றான ஆணவம் செம்பில் படியும் பச்சைக் களிம்பு போல உயிரைப் பற்றியிருக்கிறது என்று நம் பெரியவர்கள் சொன்னதை அப்படியே செய்து காட்டுங்கள்: களிம்பு பிடித்த செம்பு ஒன்று, கொஞ்சம் பழப்புளி, போதும். ஒரு பிள்ளை தேய்க்கட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும். அப்புறம் அந்த உவமை எங்கே பொருந்தவில்லை என்று கேளுங்கள். புளி களிம்பையே எடுத்துவிடுகிறது, சித்தாந்தமோ முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்கும் என்கிறது. இதைத் தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு நோட்ஸே தேவையில்லை. பரீட்சைக்கான பயிற்சியைக் கடைசித் தவணையில் வைத்துக்கொள்ளலாம்.

கஷ்டமான இடம் நந்தனார், சாதியின் பெயரால் சிதம்பரம் கோயிலுக்குள் போக முடியாமல் நெருப்பில் இறங்கி எழுந்ததாகச் சொல்லப்படும் நாயனார். “சிவன் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கலாமே, அவர் ஏன் நெருப்புக்குள் இறங்க வேண்டும்?” என்று யாராவது கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ‘அது அந்தக் காலம்’ என்று கடந்து போகாதீர்கள், ஏனென்றால் அது உண்மையில்லை. கோயிலில் சாதி சொல்லி மறிப்பதைத் தடுக்க 1957இல் இங்கே சட்டம் வந்தது, அப்படியிருந்தும் 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளின் தாத்தா, பாட்டி காலம் அது. இதைச் சொல்லும்போது யாரிடமும் ‘உங்கள் வீட்டில் எப்படி’ என்று கேட்க வேண்டாம், அந்த வலியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை எது என்று உங்களுக்குத் தெரியாது. துண்டுத் தாளில் பெயர் எழுதாமல் கேள்வியை எழுதித் தரச் சொல்லுங்கள், ஒவ்வொன்றாக நீங்களே வாசியுங்கள், பதில் தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். மணி அடித்துவிட்டால் மிச்சத் தாள்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், அடுத்த பாடவேளையை அதிலிருந்தே தொடங்கலாம்.