எனக்குத் திறக்கும் ஷேர், பேக்கப்புக்கு ஏன் திறப்பதில்லை?

இரவு ஓடவேண்டிய விஎம் (ஒரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) பேக்கப் தோற்றுவிட்டது என்று காலையில் மெயில் வந்திருக்கும். லேப்டாப்பைத் திறந்து, பேக்கப் போய்ச்சேரும் நாஸில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) இருக்கும் ஷேரின், அதாவது பகிர்ந்த ஃபோல்டரின், பாதையை \\நாஸ்1\பேக்கப் என்று அடித்துப் பார்ப்பீர்கள். ஃபோல்டர் பளிச்சென்று திறக்கும், உள்ளே பழைய கோப்புகளும் தெரியும். "ஷேர் நன்றாகத்தான் இருக்கிறது, சாஃப்ட்வேரில்தான் கோளாறு" என்று முடிவு கட்டிவிடுவோம். நானும் பல முறை அப்படி முடிவு கட்டி, பேக்கப் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி நிறுவிப் பாதி நாளைத் தொலைத்திருக்கிறேன்.

நீங்கள் திறந்தது உங்கள் கணினியிலிருந்து, உங்கள் பெயரில். பேக்கப் போவது வேறொரு கணினியிலிருந்து, வேறொரு பெயரில், யாரும் லாகின் செய்யாத நேரத்தில். அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே விதிதான்: பேக்கப் எந்தக் கணினியில், யார் பெயரில் ஓடுகிறதோ, அங்கிருந்து அந்தப் பெயரிலேயே சோதிக்க வேண்டும்.

முதலில் லாக், பிறகு கை

எதையும் மாற்றுவதற்கு முன்னால் லாகைத் திறந்து இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, வேலை எந்தக் கட்டத்தில் நின்றது? ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையின் பதிவு) எடுக்கும்போதே விஎஸ்எஸ் (விண்டோஸின் ஸ்னாப்ஷாட் சேவை) பிழை காட்டி நின்றிருந்தால் ஷேரைக் குடைவது வீண், அது வேறு கதை. இரண்டு, பிழை எண் என்ன? விண்டோஸில் அடிக்கடி வருபவை சிலவே. 53 என்றால் அந்த முகவரிக்கே போய்ச் சேரவில்லை. 67 என்றால் பெரும்பாலும் ஷேரின் பெயர் தவறு. 1326 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ ஒத்துப்போகவில்லை. 5 என்றால் உள்ளே விட்டார்கள், ஆனால் அனுமதி இல்லை. 64 என்றால் இணைப்பு நடுவில் அறுந்தது. 112 என்றால் இடம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் கீழே எந்தப் படிக்குப் போகவேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

அப்புறம், எழுதுவது எந்தக் கணினி என்பதை உறுதிசெய்யுங்கள். சில சாஃப்ட்வேர்களில் விஎம் ஓடும் ஹோஸ்ட்டே ஷேரில் எழுதும். சிலவற்றில் தனி பேக்கப் சர்வர் எழுதும். விஎம்முக்குள் ஏஜென்ட் (பேக்கப் எடுக்கும் சின்ன நிரல்) போட்டிருந்தால் அந்த விஎம்மே எழுதும். இனிவரும் சோதனைகள் எல்லாம் அந்தக் கணினியில் உட்கார்ந்து செய்யவேண்டியவை.

படி 1: பெயர் சரியான இடத்துக்குப் போகிறதா?

என்எஸ்லுக்அப் கட்டளையில் நாஸின் பெயரைக் கொடுங்கள். வரும் ஐபி முகவரி நாஸின் இப்போதைய முகவரிதானா? ரவுட்டர் தானாகக் கொடுத்த முகவரியில் நாஸ் ஓடினால் அது ஒருநாள் மாறும், டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) பழையது அப்படியே நிற்கும். பெயர்களையும் முகவரிகளையும் கணினியிலேயே எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பாருங்கள். எப்போதோ யாரோ "தற்காலிகமாக" எழுதிய ஒரு வரி அதில் இருக்கக்கூடும். என்எஸ்லுக்அப் அந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை, ஆனால் பேக்கப் பார்க்கும். பேக்கப் சேருமிடத்துக்கு நிலையான ஐபி கொடுத்துவிடுவது நல்லது.

படி 2: கதவு திறந்திருக்கிறதா?

பிங் அடித்துப் பதில் வந்ததும் திருப்திப்பட வேண்டாம். பிங் போகும், ஷேருக்கான போர்ட் (ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசல்) மூடியிருக்கும். பிங் தடுக்கப்பட்டு, ஷேர் மட்டும் நன்றாக ஓடுவதும் உண்டு. விண்டோஸ் ஷேர், அதாவது எஸ்எம்பி, டிசிபி 445-ஆம் போர்ட்டில் பேசும். லினக்ஸ் பக்கம் அதிகம் புழங்கும் என்எஃப்எஸ் ஷேர் 2049-இல் பேசும், அதன் 3-ஆம் பதிப்புக்கு 111-உம் வேண்டும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு நாஸின் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால், டிசிபி சோதனை வென்றதா இல்லையா என்று கடைசி வரியில் சொல்லிவிடும். தோற்றால் ஃபயர்வால், விலேன் (நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் அமைப்பு), நாஸில் எஸ்எம்பி சேவை ஓடுகிறதா என்ற வரிசையில் பாருங்கள்.

போர்ட் திறந்திருந்தும் கைகுலுக்கல் தோற்றால், இரு பக்கமும் பேசும் எஸ்எம்பி பதிப்பு ஒத்துப்போகாமல் இருக்கலாம். 2017-இல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) பரவியது எஸ்எம்பி முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அந்த முதல் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. உங்கள் பழைய நாஸுக்கு அது மட்டும்தான் தெரியும் என்றால், விண்டோஸில் அதைத் திரும்ப இயக்காதீர்கள், நாஸின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அதேபோல விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பும் விண்டோஸ் சர்வர் 2025-உம் வெளியே போகும் எஸ்எம்பி இணைப்புகளில் கையொப்பத்தை (செய்தி நடுவில் மாற்றப்படவில்லை என்பதற்கான முத்திரை) கட்டாயமாகக் கேட்கின்றன. "நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு ஓடவில்லை" என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாக நுழையும் ஷேர்களும் இந்த மாற்றத்தில் அடிபடும்.

படி 3: யார் பெயரில் போகிறது?

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சர்வீசஸ் பட்டியலைத் திறந்து பேக்கப் சர்வீஸின் "லாக் ஆன்" பகுதியைப் பாருங்கள். லோக்கல் சிஸ்டம் என்று இருந்தால், அது நெட்வொர்க்கில் உங்கள் பெயரில் போகாது. டொமைனில் (எல்லாக் கணக்குகளையும் ஒரு சர்வர் நிர்வகிக்கும் அமைப்பு) இருக்கும் கணினி என்றால் அந்தக் கணினியின் கணக்கில் போகும். ஒர்க்குரூப்பில் (கணக்குகள் அந்தந்தக் கணினியிலேயே இருக்கும் அமைப்பு) இருந்தால் நாஸ் ஏற்கக்கூடிய அடையாளம் எதுவும் அதனிடம் இருக்காது. ஆகவே பேக்கப்புக்கென்று நாஸில் ஒரு தனிக் கணக்கை உருவாக்கி, அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் பேக்கப் சாஃப்ட்வேரின் அமைப்புக்குள் கொடுங்கள். அந்தக் கணக்கை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம். ஷேரில் எழுதும் அனுமதியையும் அதற்கு மட்டும் கொடுத்தால், உங்கள் லேப்டாப்பில் ரான்சம்வேர் புகுந்தாலும், அதில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டால் பேக்கப்பைத் தொடமுடியாது.

பயனர் பெயரை முழுதாக எழுதுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால் விண்டோஸ் தன் சொந்தக் கணினியின் பெயரையோ டொமைனின் பெயரையோ முன்னால் ஒட்டி அனுப்பக்கூடும். நாஸுக்கு அந்த ஆளைத் தெரியாது, 1326 வரும். நாஸ்1\காப்பாளர் என்பதுபோல, கணக்கு எங்கே இருக்கிறதோ அதன் பெயரோடு எழுதுவது பாதுகாப்பு.

இசட் டிரைவை நம்பாதீர்கள். மேப் செய்த டிரைவ் எழுத்து லாகின் செய்தவருக்கு மட்டுமே சொந்தம், சர்வீஸுக்கு அப்படி ஒரு டிரைவ் இருப்பதே தெரியாது. பேக்கப் அமைப்பில் இசட் என்று இருந்தால் அதை எடுத்துவிட்டு முழுப் பாதையைப் போடுங்கள். நான் பார்த்த "மர்மமான" கோளாறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு எழுத்தால் வந்ததுதான்.

1219 என்ற பிழை வந்தால், ஒரே அமர்விலிருந்து ஒரே சர்வருக்கு இரண்டு வெவ்வேறு பெயர்களில் நுழையப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். நெட் யூஸ் கட்டளையை அடித்து ஏற்கெனவே இருக்கும் இணைப்புகளைப் பாருங்கள், பழையதைத் துண்டியுங்கள், கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பழைய பாஸ்வேர்டையும் அழியுங்கள்.

சரி, சர்வீஸ் கணக்கின் கண்ணால் எப்படிப் பார்ப்பது? டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு சின்ன வேலையை உருவாக்கி, அதை அந்தக் கணக்கின் பெயரில் ஓடவிடுங்கள். வேலை இதுதான்: ஷேரின் கோப்புப் பட்டியலை, பிழைச் செய்தியோடு சேர்த்து, உள்ளூர் டிஸ்க்கில் ஒரு கோப்பில் எழுதுவது. அந்தக் கோப்பைத் திறந்தால் பட்டியலோ பிழையோ தெரிந்துவிடும். யூகத்துக்கு இடமில்லை.

டொமைன் வழி லாகின் என்றால் கடிகாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். நேர வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால் டொமைன் லாகினைச் சரிபார்க்கும் கெர்பராஸ் இயல்பாக மறுத்துவிடும்.

இன்னொன்று. டொமைன் கன்ட்ரோலரே (டொமைன் கணக்குகளை வைத்திருக்கும் சர்வர்) அந்த ஹோஸ்ட்டில் ஒரு விஎம்மாக ஓடுகிறதா? அப்படியானால் ஹோஸ்ட் விழும் நாளில் டிஎன்எஸ்ஸும் இருக்காது, டொமைன் லாகினும் இருக்காது. பேக்கப் உள்ளே பத்திரமாக இருக்கும், திறக்கத்தான் ஆளிருக்காது. நாஸின் ஐபியையும் அதன் சொந்தக் கணக்கையும் காகிதத்தில் எழுதிப் பூட்டி வையுங்கள்.

படி 4: உள்ளே போனபின் எழுத விடுகிறதா?

விண்டோஸ் சர்வரில் ஷேருக்கு ஒரு அனுமதி, ஃபோல்டருக்கு ஒரு அனுமதி என்று இரண்டு உண்டு. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். ஷேரில் "படிக்க மட்டும்" என்று இருந்தால் ஃபோல்டரில் முழு அனுமதி கொடுத்தும் பயனில்லை. ஒரு கோப்பை உருவாக்கி, பெயர் மாற்றி, அழித்துப் பாருங்கள். பழைய பேக்கப்பை நீக்கும் உரிமை இல்லாததால் சில வாரம் கழித்து இடம் நிரம்பி நின்ற வேலைகள் உண்டு.

படி 5: பெரிய கோப்பு போய்ச்சேருகிறதா?

சின்னக் கோப்பு போய்விட்டது, பேக்கப் மட்டும் நடுவில் நிற்கிறது என்றால், 10 ஜிபி அளவில் ஒரு கோப்பை நகலெடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 4 ஜிபியில் நின்றால், மறுமுனையில் இருக்கும் டிஸ்க் ஃபேட்32 வடிவம். ரவுட்டரில் செருகிய யுஎஸ்பி டிஸ்க்குகளில் இதைப் பார்க்கலாம்.

பட்டியல் வருகிறது, நகலெடுக்கத் தொடங்கியதும் உறைந்துபோகிறது என்றால் ஜம்போ ஃபிரேமை (வழக்கத்தைவிடப் பெரிய நெட்வொர்க் பொட்டலம்) சந்தேகியுங்கள். ஹோஸ்ட்டிலும் நாஸிலும் எம்டியு (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 9000 வைத்து, நடுவில் இருக்கும் ஸ்விட்ச்சை மறந்திருப்பார்கள். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 8972 பைட்டில் பிங் அடியுங்கள். அது தோற்று, 1472 பைட் போனால் சந்தேகம் உறுதி.

வேகத்தையும் கணக்கிடுங்கள். ஒரு ஜிகாபிட் இணைப்பில் வினாடிக்கு 110 எம்பி அளவில் போகும், 500 ஜிபிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பழுதான கேபிளால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தால் அதே வேலைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். குறித்த நேரம் முடிந்ததும் சாஃப்ட்வேர் வேலையை வெட்டிவிடும், லாகில் அது ஷேர் பிழைபோலவே தெரியும்.

லினக்ஸ் ஹோஸ்ட் என்றால்

ஷேரை ஒரு ஃபோல்டராக இணைக்கும் மவுன்ட் கட்டளை தரும் எண்ணைப் பாருங்கள். 13 என்றால் லாகின் அல்லது அனுமதி. 2 என்றால் ஷேரின் பெயரோ மவுன்ட் செய்யும் இடமோ தவறு. 112 "ஹோஸ்ட் விழுந்துவிட்டது" என்று பயமுறுத்தும், ஆனால் எஸ்எம்பி பதிப்பு ஒத்துப்போகாவிட்டாலும் இதே எண்தான் வரும். விண்டோஸின் 112-உடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். என்எஃப்எஸ்ஸில் மவுன்ட் ஆகியும் எழுத முடியாவிட்டால், நாஸ் பக்கம் ரூட் ஸ்குவாஷ் என்ற அமைப்பு ரூட்டை (முழு அதிகாரம் உள்ள பயனர்) யாரோ பெயரில்லாதவராக மாற்றியிருக்கும். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டுக்கு அந்த ஏற்றுமதியில் (நாஸ் பகிரும் ஃபோல்டரின் அமைப்பில்) ரூட் ஸ்குவாஷை நீக்க வேண்டும், ஹோஸ்ட்டின் ஐபிக்கு மட்டும்.

ஷேர் மவுன்ட் ஆகாத நாளில் மவுன்ட் பாயின்ட் வெறும் உள்ளூர் ஃபோல்டர்தான். பேக்கப் சந்தோஷமாக அதில் எழுதி, ஹோஸ்ட்டின் ரூட் டிஸ்க்கை நிரப்பி, ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களையும் சேர்த்துக் கவிழ்க்கும். எழுதுவதற்கு முன் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சோதனை வையுங்கள்.

சரியானபின்

சின்ன விஎம் ஒன்றை மட்டும் சேர்த்து, கையால் ஓட்டாமல், அட்டவணை நேரத்தில் தானாக ஓடவிடுங்கள். ஓடி முடிந்ததும் அந்தப் பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். பிறகு, சோதனைக்காக "எல்லோருக்கும் முழு அனுமதி" என்று கொடுத்தது, ஃபயர்வாலை அணைத்து வைத்தது, டாஸ்க் ஷெட்யூலரில் போட்ட வேலை, அந்த 10 ஜிபி கோப்பு என எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, வேலையை இன்னொரு முறை ஓட்டுங்கள்.