உங்கள் தெருவில் வெள்ளம் நின்ற உயரத்தை அளப்பது எப்படி

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அது பதிவில் இருக்கிறது. உங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது? ஒருவர் இடுப்பளவு என்பார், எதிர்வீட்டுக்காரர் கழுத்தளவு என்பார். யாருடைய இடுப்பு? ஐஐடி பம்பாய், ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து சென்னைக்காக உருவாக்கிய சி-ஃப்ளோஸ் போன்ற வெள்ளக் கணிப்பு முறைகள் மழை, ஆறு, கடல் மட்டம் என்று எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பார்க்கின்றன, ஆனால் கணக்கு சரிதானா என்று ஒப்பிட தெருவில் அளந்த உயரம் வேண்டும். அதை நாமே எடுக்கலாம்.

முதலில் கறை. வெளிச்சுவரை நம்பாதீர்கள், வண்டி போகும்போது எழும் அலை அங்கே கறையை மேலே ஏற்றிவிடும். வீட்டுக்குள் பீரோவுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், பெயின்ட் அடிக்க மறந்த மூலையில் தேடுங்கள். நேர்கோடாகச் சேறு படிந்திருக்கும், அதுதான் தண்ணீர் நின்ற மட்டம். அதற்கு மேலே உப்புப் பூத்து உதிர்கிறதே, அது ஈரத்தைச் சுவர் உறிஞ்சியது, அதை அளந்தால் ஒரு முழம் கூடுதலாகவே வந்துவிடும்.

எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ரோட்டிலிருந்து அளக்கவே கூடாது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இறங்கிப் போகிறோம் (இந்தப் புலம்பலுக்குத் தனியாக ஒரு பதிவே போடலாம்). வாசற்படியின் மேல்விளிம்பிலிருந்து அளந்து, டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுங்கள், எந்த வருட வெள்ளம் என்றும் எழுதுங்கள்.

அப்புறம் வீட்டுக்கு வீடு படி உயரம் மாறுமே? கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் போதும். தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒரு முனையில் தண்ணீர் மட்டம் உங்கள் கறையோடு சேரும்படி பிடித்தால் மறுமுனையிலும் தண்ணீர் அதே மட்டத்தில் நிற்கும், அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்து வீட்டுக் கறையும் அந்தக் கோடும் இரண்டு மூன்று விரல் வித்தியாசத்தில் இருந்தால் சரி. ஒரு முழம் தள்ளி இருந்தால் யாரோ வேறு வருடக் கறையைக் காட்டுகிறார்கள், பெரும்பாலும் 2023 மிக்ஜாம் புயலின் கறையாக இருக்கும்.

நாலைந்து வீடு சேர்ந்ததும் பக்கத்துக் கல்லூரி சிவில் துறையில் கொடுங்கள். ப்ராஜெக்ட் தேடி அலையும் பிள்ளைகள் அங்கே எப்போதும் இருப்பார்கள்.